ஒளி டைல்களில் சிற்பம்: டைலுக்குத் தன் இடம் தெரியாது

உள்ளங்கை அளவுள்ள சிறு பலகைகள், ஒவ்வொன்றிலும் சில எல்இடி விளக்குகள். இவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்தால் ஒரு உருண்டையோ கோபுரமோ சுவரில் படரும் தேன்கூடோ உருவாகும். நிறங்கள் அதன் மேல் கீழிருந்து ஏறும், சுழலும், இசைக்கு ஏற்பத் துடிக்கும். இந்த ஒளிச் சிற்பங்களைப் பற்றிப் பேசும்போது, "டைல்களே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்", "ஸ்மார்ட் விளக்குதானே, அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி டைல்களை வாங்கிச் சேர்த்தவர் ஒரு அலையை ஓடவிடுகிறார். கீழிருந்து மேலே போக வேண்டிய நிறம் அங்கும் இங்கும் தாவுகிறது. டைல் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்.

டைலில் எந்தப் பழுதும் இல்லை. இந்த வகை டைல்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தாங்கள் சிற்பத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. உருண்டை, கோபுரம், மேல், கீழ் எல்லாமே நாம் எழுதும் நிரலுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. இது புரிந்துவிட்டால் மற்றவை தானாக வரிசைக்கு வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

## ஒரு டைலுக்குள் என்ன இருக்கிறது

டைலின் அடிப்படை ஒரு மின்சுற்றுப் பலகை. அதன் மேல் ஒன்று முதல் பத்துப் பதினைந்து எல்இடிகள் வரை இருக்கும். இந்த வேலைக்கு மிகப் பரவலாகப் பயன்படும் எல்இடி வகையின் பெயர் டபிள்யூஎஸ்2812பி. 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குட்டி விளக்குகளும், அவற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு சிப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 என்றால் அணைப்பு, 255 என்றால் முழு ஒளி. மூன்று எண்களைச் சேர்த்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட கலவைகள் கிடைக்கும். ஒரு எண்ணைச் சொல்ல 8 பிட்டுகள் வேண்டும். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைச் செய்தி. ஆக ஒரு விளக்குக்கு 24 பிட்டுகள்.

இவற்றை அனுப்புவது மைக்ரோகன்ட்ரோலர். ஒரே ஒரு நிரலை ஓயாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் சிறிய கணினி என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்றவை இந்த வகை. சிற்பத்தில் சிந்திக்கிற பொருள் இது ஒன்றுதான். இனி இதைக் கன்ட்ரோலர் என்றே சொல்கிறேன்.

## கேள்வித்தாள் கட்டு

தேர்வு அறையில் முதல் பெஞ்சில் இருப்பவரிடம் ஆசிரியர் ஒரு கட்டுக் கேள்வித்தாளைக் கொடுக்கிறார். அவர் மேலே உள்ள ஒரு தாளை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் தருகிறார். அடுத்தவரும் அதையே செய்கிறார். யாருக்கும் பெயர் சொல்லித் தாள் வருவதில்லை. கட்டில் ஏழாவதாக இருக்கும் தாள் ஏழாவதாக உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான்.

ஒளி டைல்களில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுவே. கன்ட்ரோலர் எல்லா விளக்குகளுக்குமான எண்களையும் ஒரே நீளமான வரிசையாக ஒரே கம்பியில் அனுப்புகிறது. முதல் விளக்கின் சிப் முதல் 24 பிட்டுகளைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. 25-ஆவது பிட்டிலிருந்து வருவதையெல்லாம் அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டாவது சிப்புக்கு அதுதான் தொடக்கம். அது தன் 24-ஐ எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளுகிறது. கடைசி விளக்குவரை இப்படியே.

ஒரே கம்பியில் 0, 1 இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஒரு துடிப்புதான் ஒரு பிட். ஏறியபடி குறைந்த நேரம் இருந்தால் 0, கூடுதல் நேரம் இருந்தால் 1. ஒரு பிட்டுக்கு மொத்தம் 1.25 மைக்ரோவிநாடி. ஒரு மைக்ரோவிநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒரு விளக்குக்கு 30 மைக்ரோவிநாடி ஆகிறது. எல்லாம் அனுப்பி முடித்ததும் கன்ட்ரோலர் கம்பியைச் சிறிது நேரம் சும்மா விடும். அந்த மௌனத்தைப் பார்த்ததும் எல்லாச் சிப்புகளும் தங்களிடம் உள்ள நிறத்தை ஒரே சமயத்தில் காட்டுகின்றன.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஒவ்வொரு சிப்பும் பிட்டுகளைத் தள்ளும்போது துடிப்பைப் புதிதாக வடித்து அனுப்புகிறது. வழியில் மங்கிய துடிப்பு அடுத்த சிப்பில் மறுபடியும் கூர்மையாகிவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கான விளக்குகளை ஒரே வரிசையில் கோக்க முடிகிறது.

இந்த ஏற்பாட்டிலிருந்து சில விளைவுகள் நேரடியாக வருகின்றன. விளக்குக்கு நிரந்தர எண் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு டைலைக் கழற்றிவிட்டு இரு முனைகளையும் இணைத்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே முன்னால் நகர்ந்துவிடும். ஒரு விளக்கின் சிப் கெட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்கு எதுவும் போய்ச் சேராது. அப்புறம், பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: வரிசையை நடுவில் இரண்டு கிளைகளாகப் பிரித்தால் இரண்டு கிளைகளுக்கும் ஒரே செய்திதான் போகும். வலது கிளை காட்டுவதையே இடது கிளையும் காட்டும். இரு சிறகுகள் ஒரே மாதிரி ஒளிர வேண்டிய சிற்பத்தில் இதை வேண்டுமென்றே செய்வார்கள். மற்றபடி கிளை பிரிக்கக் கூடாது.

இதே வேலையை வேறு மாதிரிச் செய்யும் முறைகளும் உண்டு. மேடை விளக்குகளில் புழங்கும் டிஎம்எக்ஸ்512 முறையில் எல்லா விளக்குகளும் ஒரே கம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு தொடக்க எண் பதிக்கப்பட்டிருக்கும், அந்த எண்ணிலிருந்து வரும் செய்தியை அது எடுத்துக்கொள்ளும். ஒரு இணைப்பில் 512 எண்கள், நிறத்துக்கு ஒன்றாக விளக்குக்கு மூன்று வீதம் 170 விளக்குகள். ஒன்று கெட்டாலும் மற்றவை எரியும். ஆனால் அங்கேயும் விளக்குக்குத் தெரிந்தது தன் எண் மட்டும். தன் இடம் தெரியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விளக்குகள் ஒரு நீண்ட வரிசை. நிறங்கள் அந்த வரிசைப்படி வந்து சேர்கின்றன. சிற்பம் எந்த வடிவத்தில் இருந்தாலும் கன்ட்ரோலரின் கண்ணுக்கு அது ஒற்றை நூல்.

## நகர்வது எதுவும் இல்லை

ஒரு முறை எல்லா விளக்குகளுக்கும் நிறம் அனுப்பி முடிப்பதை ஒரு ஃப்ரேம் என்பார்கள். விநாடிக்கு முப்பது, நாற்பது ஃப்ரேம்கள் அனுப்பி, ஒவ்வொன்றிலும் நிறங்களைச் சிறிது மாற்றினால் கண்ணுக்கு ஒளி நகர்வது போலத் தெரியும். 144 விளக்குகளுக்கு ஒரு ஃப்ரேம் அனுப்ப சுமார் 4.3 மில்லிவிநாடி போதும், அதனால் வேகத்துக்குப் பஞ்சமில்லை. 1,000 விளக்குகள் என்றால் 30 மில்லிவிநாடி. அப்போது விநாடிக்கு 33 ஃப்ரேம்தான் உச்சம். அதற்கு மேல் போனால் வரிசையை இரண்டு மூன்றாக வெட்டி, கன்ட்ரோலரின் வெவ்வேறு முனைகளிலிருந்து ஓட்டுவது நல்லது.

## டைல்கள் எப்படி உருண்டையாகின்றன

இப்போது கணிப்பொறியை ஓரமாக வைத்துவிட்டு வடிவத்துக்கு வருவோம். தட்டையான டைல்கள் சேர்ந்து எங்கும் குழிவில்லாத ஒரு மூடிய உருவம் ஆவதற்கு முதல் நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு முனையில் சந்திக்கும் டைல்களின் கோணங்களைக் கூட்டினால் 360 டிகிரிக்குக் குறைவாக வர வேண்டும். அந்தக் குறைதான் பரப்பை வளைக்கிறது.

ஒழுங்கான அறுகோணத்தின் கோணம் 120 டிகிரி. மூன்று சேர்ந்தால் சரியாக 360. குறை எதுவும் இல்லாததால் அறுகோண டைல்கள் சுவரில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பரவும், ஆனால் எத்தனை அடுக்கினாலும் பந்தாகாது. ஐங்கோணத்தின் கோணம் 108. மூன்று சேர்ந்தால் 324, குறை 36. பன்னிரண்டு ஐங்கோண டைல்களைச் சேர்த்தால் அழகாக மூடிக்கொள்ளும். ஒளி டைல் சிற்பங்களில் முதல் முயற்சிக்கு ஏற்ற வடிவம் இந்தப் பன்னிருமுகிதான் என்பது என் கருத்து. டைல்கள் குறைவு, எல்லாம் ஒரே அச்சு, முடிவில் கிடைப்பது பார்க்கத் தகுந்த பொருள்.

சொந்தமாக வடிவம் வரைபவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ரெனே டெக்கார்ட் கண்டது. பந்து போல மூடிய எந்தப் பலகை உருவத்திலும் எல்லா முனைகளின் குறைகளையும் கூட்டினால் 720 டிகிரி வரும். பன்னிருமுகியில் 20 முனைகள், ஒவ்வொன்றிலும் 36: 720. கனசதுரத்தில் 8 முனைகள், ஒவ்வொன்றிலும் 90: அதுவும் 720. உங்கள் வரைபடத்தில் 720 வரவில்லை என்றால், டைல் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம், அது மூடாது.

சேர்க்கும்போது கைக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றும் உண்டு. ஐங்கோண டைல்கள் மூன்று ஒரு முனையில் சேர்ந்ததும் கோணம் தானாகவே பூட்டிக்கொள்ளும். டைலுக்கு டைல் சுமார் 116.6 டிகிரி. அளக்கவே தேவையில்லை, மூன்றாவது டைல் சரியாகப் பொருந்தினால் கோணமும் சரி. இருபது முக்கோணங்களில் செய்யும் இருபதுமுகி அப்படியில்லை. அதில் ஒரு முனைக்கு ஐந்து டைல்கள். கடைசி டைல் விழும்வரை எல்லாம் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கும். அட்டையில் ஒரு தாங்கி வெட்டி வைத்துக்கொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம்.

## நூல் எந்த வழியாகப் போகும்

வடிவம் தயார். இனி அந்த ஒற்றைத் தரவுக் கம்பி எல்லா டைல்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுப் போக வேண்டும். டைலில் ஒரு விளிம்பில் உள்வழி, இன்னொரு விளிம்பில் வெளிவழி. அடுத்த டைல் விளிம்பைப் பகிரும் பக்கத்து டைலாக இருந்தால் கம்பியே வேண்டாம், இரண்டு பலகைகளின் முனைகளையும் ஒட்டிச் சால்டர் செய்துவிடலாம், அதாவது உலோகக் கலவையை உருக்கிப் பற்றவைத்துவிடலாம்.

இது ஒரு பழைய புதிர். 1857-இல் வில்லியம் ரோவன் ஹாமில்டன் என்ற கணித அறிஞர் ஒரு விளையாட்டை உருவாக்கினார். பன்னிருமுகியின் 20 முனைகளையும் விளிம்புகள் வழியாகவே நடந்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை தொட்டு, தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். இருபதுமுகியின் 20 முக்கோணங்களுக்கும் பன்னிருமுகியின் 20 முனைகளுக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இருக்கிறது. ஆகவே இருபதுமுகிச் சிற்பத்தில் தரவுக் கம்பிக்கு வழி தேடுபவர் ஹாமில்டனின் விளையாட்டைத்தான் ஆடுகிறார். நமக்குச் சலுகையும் உண்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. வழி அமையாத விசித்திர வடிவமாக இருந்தால் உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துவிடலாம். கணிதத்துக்கு அது அவமானம், சிற்பத்துக்கு ஒன்றும் ஆகாது.

பன்னிருமுகிக்கு எளிய வழி ஒன்று: அடியில் இருக்கும் டைல், அதைச் சுற்றிய ஐந்து, அதற்கு மேல் வளையமாக ஐந்து, கடைசியில் உச்சி. கன்ட்ரோலரின் கணக்கில் இவை 0 முதல் 11 வரை. நிரலில் எண்ணிக்கை 0-இல் தொடங்குவது வழக்கம்.

## வரைபடம்: சிற்பத்தின் உண்மையான மூளை

இப்போது கீழிருந்து மேலே ஏறும் ஒரு அலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் எழுதும் நிரல் இப்படி இருக்கும்: டைல் 0 எரியட்டும், பிறகு 1, பிறகு 2, இப்படியே 11 வரை. ஓடவிட்டால் அலை ஏறாது. ஒளி அடியில் தொடங்கி, கீழ் வளையத்தைச் சுற்றி, மேல் வளையத்தைச் சுற்றி, திருகாணி போலப் போகும். காரணம் எளிது. நிரல் நூலின் வரிசையைப் பின்பற்றியது. நமக்கு வேண்டியதோ உயரம்.

உயரத்தைக் கன்ட்ரோலருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். எந்த எண்ணுள்ள விளக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். அடி டைலின் மையத்தை 0 என்றும் உச்சி டைலின் மையத்தை 100 என்றும் வைத்தால் பன்னிருமுகிக்கு அது இப்படி வரும்:

டைல் 0: உயரம் 0
டைல் 1 முதல் 5 வரை: உயரம் 28
டைல் 6 முதல் 10 வரை: உயரம் 72
டைல் 11: உயரம் 100

பன்னிரண்டு டைல் இருந்தும் உயரங்கள் நான்கே. இதைப் பார்த்தவுடன் ஒரு விஷயம் புரிந்துவிடும். டைலுக்கு ஒரு நிறம் என்று வைத்தால், அலை நான்கு படிகளில் குதித்துத்தான் ஏறும். அதிலும் 28-க்கும் 72-க்கும் இடையே பெரிய இடைவெளி, அங்கே அலை தயங்குவது போலத் தெரியும். நிரலில் எந்தத் தவறும் இல்லை, வடிவமே அப்படி. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். அலையை மெல்லிய கோடாக வைக்காமல் அகலமாக, ஓரங்களில் மங்கும்படி வைத்தால் ஒரு வளையம் மங்கும்போதே அடுத்தது துலங்கத் தொடங்கும். அல்லது டைலுக்குள் இருக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி உயரம் கொடுத்துவிடலாம். சாய்ந்து நிற்கும் டைலில் கீழ் ஓரத்து விளக்குக்கும் மேல் ஓரத்து விளக்குக்கும் உயரம் வேறு அல்லவா.

வரைபடம் கையில் இருந்தால் நிரலின் நடுப்பகுதி மிகச் சிறியது. தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

ஒவ்வொரு ஃப்ரேமிலும்:
அலையின் உயரத்தைச் சிறிது கூட்டு. 100-ஐத் தாண்டினால் 0-க்குக் கொண்டு வா.
ஒவ்வொரு விளக்குக்கும்:
இடைவெளி = விளக்கின் உயரத்துக்கும் அலையின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்.
இடைவெளி 0 என்றால் முழு ஒளி. 30-ஐத் தாண்டினால் இருட்டு. நடுவில் என்றால் அதற்கேற்ற மங்கல்.
எல்லாவற்றையும் அனுப்பு.

இதில் டைல் எண் எந்த முடிவையும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இடமும் நேரமும் உள்ளே போகின்றன, நிறம் வெளியே வருகிறது. உயரத்துக்குப் பதில் நடு அச்சைச் சுற்றிய கோணத்தை வைத்தால் அலை சுழலும். ஏதோ ஒரு புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை வைத்தால் அந்தப் புள்ளியிலிருந்து வளையங்கள் விரியும். நிரலை அப்படியே எடுத்து ஒரு கோபுரச் சிற்பத்துக்குக் கொடுத்து, வரைபடத்தை மட்டும் மாற்றினால் அங்கேயும் வேலை செய்யும். பிக்சல்பிளேஸ் என்ற கன்ட்ரோலர் இந்த எண்ணத்தை மையமாக வைத்தே அமைக்கப்பட்டது. அதில் விளக்கின் இருப்பிடத்தைக் கொடுத்தால் நிறத்தைச் சொல்லும் சிறு வாய்பாடாகத்தான் ஒளிக்கோலத்தை எழுதுகிறோம். அர்டுயினோ பக்கம் ஃபாஸ்ட்எல்இடி என்ற நிரல் தொகுப்பு நிறம் கலப்பது, பிட்டுகளை நேரம் தவறாமல் அனுப்புவது ஆகிய சில்லறை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும். வரைபடம் நம் பொறுப்பு. நிரலே எழுதாமல் கைபேசியிலிருந்து ஓட்ட விரும்புபவர்கள் டபிள்யூஎல்இடி என்ற மென்பொருளை ஈஎஸ்பி32-இல் ஏற்றுவார்கள். அதன் ஒளிக்கோலங்களில் பல, விளக்குகள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன என்று எண்ணி எழுதப்பட்டவை. உருண்டையில் அவை தாவித் தாவித் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

சீரான வடிவங்களுக்கு வரைபடத்தைக் கணக்குப் போட்டே எழுதிவிடலாம். கோணல்மாணலான சிற்பத்துக்கு? கேமரா இருக்கிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு ஒரு பக்கத்திலிருந்து படமெடுத்தால் ஒவ்வொன்றும் படத்தில் எங்கே விழுகிறது என்று தெரியும். சிற்பத்தைத் திருப்பி மறுபடியும் எடுத்தால் ஆழமும் கிடைக்கும். கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் மாட் பார்க்கர் 2020-இல் தன் கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றிய 500 விளக்குகளுக்கு இப்படித்தான் முப்பரிமாண இடங்களைக் கண்டார்.

ஒரு எச்சரிக்கை. ஐங்கோண டைலை ஒரு விளிம்பு திருப்பிப் பொருத்தினாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே உள்ள விளக்குகளின் வரிசை திரும்பிவிடும். டைலுக்கு ஒரே நிறம் கொடுக்கும்வரை இது தெரியவே தெரியாது. விளக்கு விளக்காக ஓட்டத் தொடங்கும் நாளில், நல்ல வரைபடத்தில் ஒரே ஒரு டைல் மட்டும் தலைகீழாக நடந்துகொள்ளும். சால்டர் செய்யும் முன்பே உள்வழி விளிம்பை மார்க்கரால் குறித்துவிடுவது நல்லது.

சுருக்கமாக: நூலின் வரிசை ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வடிவம் இன்னொன்று. இரண்டையும் இணைப்பது வரைபடம். நல்ல ஒளிக்கோலம் வரைபடத்திடம் பேசும், டைல் எண்ணிடம் பேசாது.

## அப்படியானால் தானே அறியும் டைல்கள்?

இருக்கின்றன. சுவரில் ஒட்டும் நானோலீஃப் போன்ற ஆயத்த டைல்களில் யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை இணைப்புகள் வழியாகவே கன்ட்ரோலர் கண்டுபிடித்துவிடும். வெளியிலிருந்து கேட்டால் ஒவ்வொரு டைலின் எண்ணையும் இடத்தையும் திசையையும் பட்டியலிட்டுத் தரும். அதாவது நாம் கையால் எழுதும் வரைபடத்தை அது தானே எழுதிக்கொள்கிறது. தேவை ஒழியவில்லை, எழுதுபவர்தான் மாறியிருக்கிறார். டைல்களே அறியும் என்ற பேச்சு இங்கிருந்துதான் எல்லா டைல்களுக்கும் பரவியிருக்க வேண்டும்.

## 5 வோல்ட்தானே என்ற அலட்சியம்

ஒளிக்கோலம் எழுதுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட மின்சாரத்தில் யாரும் காட்டுவதில்லை. சிற்பங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

டபிள்யூஎஸ்2812பி ஒன்று முழு வெள்ளையில் எரிய 60 மில்லிஆம்பியர் வேண்டும் என்று கணக்குப் போடுவது வழக்கம், நிறத்துக்கு 20 வீதம். பன்னிரண்டு டைல், டைலுக்குப் பன்னிரண்டு விளக்கு என்றால் 144 விளக்குகள். பெருக்கினால் 8.64 ஆம்பியர். 5 வோல்ட்டில் அது 43 வாட். கணினியின் பழைய யூஎஸ்பி முனை தருவது அரை ஆம்பியர். அதில் சொருகிவிட்டு "வெள்ளை நிறம் வரவில்லை" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. 5 வோல்ட் தொட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் மெல்லிய கம்பியில் 8 ஆம்பியர் ஓடினால் கம்பி சுடும். கம்பியின் சூடு வோல்ட்டைப் பார்ப்பதில்லை, ஆம்பியரைத்தான் பார்க்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தரவுத் துடிப்பு ஒவ்வொரு சிப்பிலும் புதுப்பிக்கப்படுகிறது என்று பார்த்தோம். மின்னழுத்தத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பலகையின் தாமிரப் பாதையும் இணைப்புகளும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். முதல் டைலில் 5 வோல்ட்டாக இருப்பது கடைசி டைலில் 4-க்கும் கீழே போகலாம். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால் மின்னழுத்தம் குறையும்போது முதலில் தளர்வது நீலமும் பச்சையும். எல்லா டைல்களுக்கும் வெள்ளை அனுப்பிவிட்டு, தொடக்கத்தில் வெள்ளையாகவும் போகப்போக மஞ்சளாகவும் கடைசியில் செம்மஞ்சளாகவும் தெரிந்தால் நிரலைத் துழாவ வேண்டாம். பவர் சப்ளையிலிருந்து தடித்த கம்பிகளை எடுத்து வரிசையின் நடுவிலும் முடிவிலும் நேரடியாகக் கொடுத்தால் சரியாகிவிடும். தரவுக்கு ஒரே வழி, மின்சாரத்துக்குப் பல வழிகள்.

கன்ட்ரோலருக்கும் டைல்களுக்கும் வெவ்வேறு பவர் சப்ளை வைத்தால் இரண்டின் எதிர்முனைகளையும், அதாவது கிரவுண்டை, கட்டாயம் இணைக்க வேண்டும். துடிப்பு ஏறியதா இறங்கியதா என்பதை சிப் அந்தக் கிரவுண்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறது. அது பொதுவாக இல்லாவிட்டால் டைல்கள் பைத்தியம் பிடித்தது போல மின்னும். ஈஎஸ்பி32 பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: அதன் துடிப்பு 3.3 வோல்ட் உயரம்தான். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி எதிர்பார்ப்பது 3.5. பல நேரம் ஓடிவிடும், சில நேரம் காரணமில்லாமல் சிமிட்டும். நடுவில் துடிப்பை 5 வோல்ட்டாக உயர்த்தும் ஒரு சின்ன சிப்பை வைத்துவிட்டால் நிம்மதி.

நடைமுறையில் எல்லா விளக்குகளையும் முழு வெள்ளையில் யாரும் ஓட்டுவதில்லை, கண் கூசும். மூடிய உருண்டைக்குள் வெப்பம் வெளியேற வழியும் குறைவு. ஃபாஸ்ட்எல்இடி, டபிள்யூஎல்இடி இரண்டிலுமே இத்தனை மில்லிஆம்பியருக்கு மேல் போகாதே என்று உச்சவரம்பு வைக்க முடியும். முதல் நாளே அதை வைத்துவிடுங்கள்.

## 128 பாதி ஒளி இல்லை

எண்ணை 255-இலிருந்து 128 ஆக்கினால் விளக்கு வெளியிடும் ஒளி பாதியாகும். ஆனால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கும். நம் கண் மங்கலான ஒளியில் சிறு வேறுபாடுகளை நன்றாகப் பிரித்தறியும், பிரகாசத்தில் அவ்வளவாகப் பிரித்தறியாது. அதனால் சீராக மங்கச் சொன்ன அலை நெடுநேரம் பளிச்சென்று இருந்துவிட்டு கடைசியில் சட்டென்று அணைவது போலத் தோன்றும். அனுப்பும் முன் எண்ணை ஒரு வளைகோட்டின் வழியாகத் திருத்துவதற்கு காமா திருத்தம் என்று பெயர். வழக்கமான 2.2 வளைகோட்டில் 128 என்பது 56 ஆகிவிடும். ஒரே வரி நிரல்தான். ஆனால் அதைச் சேர்த்த பிறகு சிற்பத்தின் தரமே மாறிவிடும்.

## எரியவில்லையா?

ஒரு இடத்துக்குப் பிறகு எல்லாம் இருட்டு என்றால் பார்க்க வேண்டியவை இரண்டு விளக்குகள் மட்டும்: கடைசியாக எரிவது, முதலில் எரியாதது. பலரும் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டுக் குழம்புவார்கள். தான் எரிந்துகொண்டே அடுத்ததற்குத் தள்ளாமல் விட்டிருப்பது முதலாவதாகவும் இருக்கலாம். ஆனால் எதையும் கழற்றும் முன், அந்த இரண்டுக்கும் இடையே உள்ள சால்டரை ஒரு முறை சுட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

சிவப்பு கேட்டால் பச்சையும், பச்சை கேட்டால் சிவப்பும் வந்தால் கவலை வேண்டாம். இந்த வகை சிப் எதிர்பார்ப்பது பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசை. நிரலில் அந்த ஒரு அமைப்பை மாற்றினால் போதும்.

எந்த ஒளிக்கோலத்துக்கும் முன்னால் எழுத வேண்டிய நிரல் ஒன்று உண்டு. விநாடிக்கு ஒரு விளக்கு வீதம் 0-இலிருந்து வரிசையாக எரியவிட்டு, எண்ணைத் திரையில் காட்டும் நிரல். அது ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டைலின் மேலும் ஒரு சின்ன ஒட்டுத்தாளில் எண்ணை எழுதி ஒட்டுங்கள். வரைபடத்தின் முதல் வரைவு அதுதான். வரைபடம் சரியா என்று பார்க்க, உயரத்தை மட்டும் வைத்து அடி நீலமாகவும் உச்சி சிவப்பாகவும் இருக்கும்படி அசையாத ஒரு நிறச்சாய்வை ஓடவிடுங்கள். தவறான எண் பெற்ற டைல் நிறம் மாறி நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அதைத் திருத்திய பிறகு அலைக்குப் போகலாம்.